ஊரில் ரத்தான லைசென்ஸ் குகட்பள்ளியில் செல்லுமா?

சென்ற சில மாதங்களாகச் சங்க நண்பர்கள் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், நமக்கு லைசென்ஸ் கொடுத்தது தமிழ்நாடு. வண்டி ஓட்டுவது தெலங்கானாவில். அங்கே ஏதாவது வழக்கு வந்து லைசென்ஸை மூன்று மாதம் ரத்து செய்தால், அது இங்கே எப்படிச் செல்லும்? வேறு மாநிலம்தானே?" என்பார்கள். இதையே திருப்பிப் போட்டும் கேட்கிறார்கள். இங்கே ஜே.என்.டி.யூ. சந்திப்பில் போலீசாரிடம் மாட்டிக்கொண்டு லைசென்ஸ் போனால், பொங்கலுக்கு ஊருக்குப் போய் அங்கே ஓட்டிக்கொள்ளலாமா என்பது அந்தக் கேள்வி.

நான் வக்கீல் அல்ல. டிப்ளமா படித்து, தென் மத்திய ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஆனால் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ரயில்வே விதிப் புத்தகங்களைப் படித்துப் பழகியவனுக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றும் பெரிய பூதம் இல்லை. இந்தக் கேள்வியை வெறும் சட்டக் கேள்வியாகவும் நான் பார்க்கவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதனால் இன்றும் அலைந்துகொண்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். செல்லாது. எங்கே ரத்தானாலும் இந்தியா முழுவதும் ரத்துதான்.

இதற்கான காரணம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. அச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எந்த மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸும் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. நாகர்கோவிலில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு நிஜாம்பேட்டையில் ஓட்ட நமக்கு உரிமை வந்தது இந்தப் பிரிவினால்தான். அந்த உரிமைக்கு மறுபக்கமும் உண்டு. 19-ஆவது பிரிவின்படி லைசென்ஸ் அதிகாரி ஒருவரைத் தகுதி நீக்கம் செய்யலாம். 20-ஆவது பிரிவின்படி நீதிமன்றமும் செய்யலாம். அப்படிச் செய்தால், அந்தக் காலம் முழுவதும் அவர் கையில் இருக்கும் லைசென்ஸ் செயலற்றுப் போகும் என்று 23-ஆவது பிரிவு கூறுகிறது. "இந்த மாநிலத்தில் மட்டும்" என்ற வரையறை அதில் இல்லை. லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் ஒன்றாகவும், அதை ரத்து செய்யும் அலுவலகம் வேறாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. லைசென்ஸை அடியோடு ரத்து செய்யும் அதிகாரி அதைக் கொடுத்த அதிகாரியாக இல்லாவிட்டால், கொடுத்த இடத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சிவப்பு சிக்னலைத் தாண்டிய டிரைவரை செகந்திராபாத் டிவிஷனில் இறக்கி வைத்தால், அவர் குண்டக்கல் டிவிஷனுக்குப் போய் "எனக்கு ஒரு எஞ்சின் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. தகுதி ஆளைச் சேர்ந்தது, தண்டவாளத்தைச் சேர்ந்தது அல்ல.

எந்தத் தப்புக்கு லைசென்ஸ் போகும் என்பதில் நம்மவர்களில் பலர் பழைய காலத்திலேயே இருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டினால், ஆளை இடித்தால் மட்டும் போகும் என்று நினைக்கிறார்கள். நிலைமை மாறிப் பல வருஷமாகிறது. இந்த மாற்றத்தில் நம்மூர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன், சாலை விபத்துச் சாவுகளைப் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்றை நீதிமன்றம் அமைத்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடிபோதை, ஓட்டும்போது செல்போன், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று 2015 ஆகஸ்டில் அக்குழு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. தமிழ்நாட்டில் இதை ஏட்டோடு விட்டுவிடவில்லை. ஊருக்குக் காரில் போகும் நாம் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு 2019-இல் சட்டமே திருத்தப்பட்டது. அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடிபோதை, ரேஸ் விடுதல், ஆம்புலன்சுக்கு வழி விடாமை போன்றவற்றில் பிடிபட்டால், போலீஸ் அதிகாரி லைசென்ஸைக் கைப்பற்றி லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206-ஆவது பிரிவில் சேர்த்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கையில் செல்போனை வைத்துக்கொண்டிருப்பது அபாயகரமாக ஓட்டுதல் என்ற தலைப்பில் வந்துவிட்டது. ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டுவதற்கும், ஸ்கூட்டரில் மூன்று பேர் போவதற்கும் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதி நீக்கமும் சட்டத்தில் இருக்கிறது. "ஸ்கூட்டர் தப்புக்குக் கார் லைசென்ஸ் போகுமா?" என்று கேட்பீர்கள். அது உத்தரவைப் பொறுத்தது. லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிகளுக்கும் தடை போடலாம், சிலவற்றுக்கு மட்டுமாகவும் போடலாம். ஆகவே உத்தரவு கைக்கு வந்தால் தேதியை மட்டும் பார்க்காமல், எந்த வகை வண்டிக்கு என்பதையும் படியுங்கள்.

நம் ஹைதராபாத்திலும் 2017 ஆகஸ்டில் புள்ளிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். 24 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் ஓராண்டுக்கு லைசென்ஸ் இல்லை என்று அப்போது அறிவித்தார்கள். நிஜாம்பேட்டை ரோடு முனையில் எதிர்த் திசையில் வரும் மோட்டார் சைக்கிள்காரர்களை நினைத்தால், சிலருக்கு ஒரே வாரத்தில் 12 புள்ளி சேர்ந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். சாலையில் நிற்கும் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி வைக்கலாம், மேலே அனுப்பலாம். ஆனால் ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் இதை நன்றாகவே சொன்னது. லைசென்ஸ் அதிகாரிதான், அதாவது நாம் ஊரில் ஆர்.டி.ஓ. என்றும் இங்கே ஆர்.டி.ஏ. என்றும் சொல்லும் அலுவலகம்தான், சம்பந்தப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, காரணத்தை எழுதி, உத்தரவு போட வேண்டும்.

வாய்ப்புக் கொடுத்து என்றேன். வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ரயில் பாதையில் எங்காவது பழுது பார்த்தால், அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று 'காஷன் ஆர்டர்' கொடுப்போம். அந்தக் காகிதம் முன்கூட்டியே டிரைவர் கையில் போய்ச் சேர்ந்து, அவர் கையெழுத்துப் போட்டால்தான் ரயில் நகரும். பாதையில் பலகை வேறு நட்டு வைப்போம். தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதில் அவ்வளவு கண்டிப்பு. லைசென்ஸ் விஷயத்தில் அந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க முடியாது. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். நம் லைசென்ஸில் உள்ள முகவரி என்ன? பலருக்கு, இருபது வருஷத்துக்கு முன் விட்டுவிட்டு வந்த ஊர் வீடு. அங்கே இப்போது வாடகைக்காரர் இருப்பார், அல்லது பூட்டுத் தொங்கும்.

மேலே சொன்ன குடும்பத்தில் நடந்தது இதுதான். வழக்கு நடப்பதால் ஊர், பெயர் சொல்லவில்லை. நம் சங்கத்து நண்பரின் மருமகன். லைசென்ஸ் தென் மாவட்டத்தில் எடுத்தது. பதினோரு வருஷமாக இங்கே வேலை. பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போனபோது, வழியில் ஒரு நகரத்தில் செல்போன் பேசியபடி ஓட்டியதாக நிறுத்தினார்கள். அவர் லைசென்ஸைக் கைபேசியில் டிஜிலாக்கரில் காட்டினார். அபராதம் கட்டினார், ரசீது வாங்கினார், கிளம்பினார். கார்டு கையைவிட்டுப் போகாததால் விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். ஆனால் சலானோடு சேர்த்து லைசென்ஸைத் தற்காலிகமாக நிறுத்தும்படி பரிந்துரையும் போயிருக்கிறது. நோட்டீஸ் ஊர் முகவரிக்குப் போய், யாரும் பதில் சொல்லாததால், மூன்று மாதத்துக்கு உத்தரவும் போட்டுவிட்டார்கள்.

இது ஒன்றும் தெரியாமல் அவர் இங்கே தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம், மழையில் ஒரு ஆட்டோவின் பின்னால் மோதிவிட்டார். ஆட்டோவில் இருந்த ஒருவருக்குக் கால் முறிந்தது. காரின் முன்பக்கம் நொறுங்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், லைசென்ஸ் நம்பரைக் கணினியில் தட்டினார். அப்போதுதான் வீட்டாருக்கே விஷயம் தெரிந்தது.

இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேசும்போது மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து "இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

முதலாவது, நம் வண்டிக்கு ஏற்படும் சேதம். பாலிசிக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். 'டிரைவர்' என்ற தலைப்பின் கீழ் சின்ன எழுத்தில் ஒரு ஷரத்து இருக்கும். விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் நடைமுறையில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருப்பதிலிருந்து தகுதி நீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இந்த ஷரத்து உண்டு. ஆகவே தடைக் காலத்தில் ஓட்டி மோதினால், நம் வண்டியின் ரிப்பேர் செலவு நம் தலையில்தான். அந்த மருமகனுக்கு கம்பெனி முதல் கடிதத்திலேயே இதை மறுத்துவிட்டது.

இரண்டாவது, சொந்தக்காரருக்கே உரிய விபத்துக் காப்பீடு. 2018-லிருந்து இது 15 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இதற்கும் ஓட்டுபவரான சொந்தக்காரரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். குடும்பத் தலைவர் இறந்துபோய், லைசென்ஸ் காரணத்தால் இந்தப் பணமும் வராமல் போனால் அந்த வீட்டின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. அடிபட்ட மூன்றாம் மனிதருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு. இதற்கான இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். ஓட்டியவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் என்பது கம்பெனி எடுத்துவைக்கக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்று. சட்டத்தில் முன்பு 149-ஆவது பிரிவில் இருந்தது இது. 2022 ஏப்ரல் முதல் 150-ஆவது பிரிவு. ஆனால் அடிபட்டவர் என்ன பாவம் செய்தார்? அவருக்கு நம் லைசென்ஸின் ஜாதகம் தெரியுமா? இதை யோசித்துத்தான் உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியில், நேஷனல் இன்ஷூரன்ஸ் – ஸ்வரண் சிங் வழக்கில் விரிவான தீர்ப்பு ஒன்று கொடுத்தது. லைசென்ஸ் சரியில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. வண்டிச் சொந்தக்காரர் தெரிந்தோ அசட்டையாகவோ அதற்கு இடம் கொடுத்தார் என்பதையும் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்றது. கம்பெனி அதை நிரூபித்துவிட்டாலும்கூட, முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும்.

"அப்படியானால் கம்பெனி கொடுத்துவிடுமே, நமக்கென்ன கவலை?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வசூலித்துக்கொள்ளும் என்ற சொல்லை அவர் கவனிக்கவில்லை. அதற்காகக் கம்பெனி தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பை வைத்து நிறைவேற்று மனுப் போட்டாலே போதும் என்று அதே 2004-இல் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. வண்டியையே ஜப்தி செய்யலாம். சம்பாதிக்கும் வயதில் உள்ள ஒருவருக்குப் பெரிய ஊனம் ஏற்பட்டால் நஷ்டஈடு பல லட்சங்களைத் தொடும். குகட்பள்ளியில் கடன் வாங்கி பிளாட் வாங்கியிருக்கும் குடும்பம் அதைத் தாங்குமா?

நம் நண்பர் வீட்டில் இன்னொரு சிக்கல். கார் மகள் பெயரில் இருக்கிறது. ஆகவே கம்பெனி கை காட்டுவது மருமகனை அல்ல, மகளை. கணவரின் லைசென்ஸ் நின்றுபோனது அவளுக்கு எப்படித் தெரியும் என்பது அவர்கள் வாதம். நோட்டீசே வராதபோது தெரிந்தே செய்ததாக ஆகாது என்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வாதம் நியாயமாகவே படுகிறது. சொந்தக்காரர் லைசென்ஸைப் பார்த்து, ஆள் ஒழுங்காக ஓட்டுகிறாரா என்று பார்த்தால் போதும், ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் விசாரிக்க வேண்டியதில்லை என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் உண்மை. ஆனால் அது கைபேசியில் ஒரு நிமிஷத்தில் லைசென்ஸ் நிலையைப் பார்க்க முடியாத காலத்தில் சொன்னது. இனிமேலும் நீதிமன்றங்கள் அதே தாராளத்தைக் காட்டும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

தெரிந்தே தடைக் காலத்தில் ஓட்டினால் 182-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டியைக் கொடுத்தவருக்கு 180-ஆவது பிரிவில் தனி வழக்கு.

அடுத்து, சிலர் மெதுவாகக் காதோடு கேட்கும் கேள்வி. "இங்கே ரத்தானால் ஊரில் புதிதாக ஒன்று எடுத்துவிடலாமே?" இது கூடவே கூடாது. ஒரு மனிதருக்கு ஒரு லைசென்ஸ்தான் என்பது 6-ஆவது பிரிவு. தடைக் காலத்தில் புது லைசென்சுக்கு விண்ணப்பம் போடுவதே மேலே சொன்ன 182-இல் குற்றம். நம்மில் மூத்தவர்கள் சிலரிடம் சென்னையில் எடுத்த பழைய புத்தக லைசென்ஸ் ஒன்றும், இங்கே எடுத்த கார்டு ஒன்றுமாக இரண்டு இருக்கும். கெட்ட எண்ணத்தால் அல்ல, அந்தக் காலத்தில் ஏஜெண்ட் வாங்கிக் கொடுத்தது. அவற்றில் ஒன்றை ஒப்படைத்துவிடுவதுதான் மரியாதை. பல ஆண்டுகள் தெலங்கானா தன் போக்குவரத்துத் துறைக்குத் தனிக் கணினி முறையை வைத்திருந்தது. மற்ற பல மாநிலங்கள் மத்திய அரசின் 'சாரதி' முறையில் இருந்தன. ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாது என்ற தைரியம் சிலருக்கு அதனால் வந்தது. அந்தத் தைரியத்தின் மேல் குடும்பத்தை வைக்காதீர்கள்.

இடையில் ஒரு சிறு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். 2014 ஜூன் 2-க்கு முன் ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் ஹைதராபாத்தில் எடுத்த லைசென்ஸ், மாநிலம் பிரிந்ததால் செல்லாமல் போகவில்லை. அதில் உள்ள கெடு முடியும்வரை செல்லும். கெடுவைத்தான் பார்க்க வேண்டும். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். என் வயதுக்காரர்கள் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுப்பதை மறப்பதில்லை, லைசென்ஸ் தேதியை மறந்துவிடுகிறார்கள். காலாவதியான லைசென்ஸும் இன்ஷூரன்ஸ் ஷரத்தின் முன் ரத்தான லைசென்ஸின் தம்பிதான்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அங்கே லைசென்ஸ் ஒவ்வொரு மாநிலத்தின் சொத்து. ஆனாலும் பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. நியூஜெர்சிக்காரர் வெளிமாநிலத்தில் செய்த பெரிய தப்பு அவருடைய சொந்த மாநிலத்தின் பதிவேட்டுக்கு வந்து சேரும். லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர்களுக்கென மத்திய அரசின் பதிவேடு ஒன்றும் உண்டு. ஒரு மாநிலத்தில் தடை இருக்கும்போது வேறு மாநிலத்தில் லைசென்ஸ் கேட்டால் அதில் பெயர் வந்து நிற்கும். அங்கே இன்ஷூரன்ஸ் பிரீமியமும் ஓட்டுபவரின் நடத்தையைப் பார்த்தே ஏறி இறங்கும். ஒரு முறை லைசென்ஸ் நின்றுபோனவருக்குச் சில வருஷங்கள் பிரீமியம் தாறுமாறாக ஏறலாம். நம் நாட்டில் பிரீமியம் பெரும்பாலும் வண்டியைப் பார்த்துப் போடுவது, ஆளைப் பார்த்து அல்ல. கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடிதான் பலருக்கும் ஒழுக்கத்துக்குப் பரிசு, அதிகபட்சம் 50 சதவீதம். போக்குவரத்துக் குற்றங்களுக்கு ஏற்ப பிரீமியத்தில் ஒரு தொகையைக் கூட்டலாம் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது. எனக்கு அது பிடித்த யோசனை. தண்டனை பணப்பையில் விழுந்தால்தான் நம்மவர்களுக்கு உறைக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது என்ன? லைசென்ஸில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மாற்றும்போது கைபேசி எண்ணும் இப்போதைய எண்தானா என்று பாருங்கள். ஊரில் அண்ணன் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பவர்கள் அதிகம். வெளிமாநிலத்தில் சலான் வாங்கினால், அபராதம் கட்டியதோடு நிற்காமல், லைசென்ஸ் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை இருக்கிறதா என்று அந்தக் காகிதத்தைப் படியுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மாதம் ஒரு முறை பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் நிலையைப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றாலும் ஊர் வீட்டில் தபால் வந்ததா என்று ஒரு போன் போடுங்கள். வீட்டில் டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருடைய லைசென்சுக்கும் இதையே செய்ய வேண்டும்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பதில் எழுதாமல் இருக்காதீர்கள். நேரில் போக முடியாவிட்டாலும் பதிவுத் தபாலில் எழுதலாம். உத்தரவே வந்துவிட்டால், அது உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. போட்ட நாளிலிருந்து அல்ல, கிடைத்த நாளிலிருந்து. ஆகவே தபால் உறையைக் கிழித்து எறிந்துவிடாமல் முத்திரையோடு வைத்திருங்கள். அப்பீல் முடியும்வரை சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள். மியாப்பூர் முதல் எல்.பி. நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, மூன்று மாதம் அதில் போனால் குறைந்துவிட மாட்டோம்.

தடைக் காலம் முடிந்த மறுநாளே வண்டியை எடுத்துவிடாதீர்கள். போலீசார் கைப்பற்றி அனுப்பியதால் நின்ற லைசென்ஸ் என்றால், 2019 திருத்தத்தின்படி புத்தாக்கப் பயிற்சி ஒன்றை முடித்தால்தான் அதைத் திருப்பித் தருவார்கள். பயிற்சிச் சான்றைக் கொடுத்து, கார்டை வாங்கி, கணினியிலும் நிலை மாறிவிட்டதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துப் பாலிசியோடு வைத்த பிறகு சாவியைக் கையில் எடுங்கள்.